வால்ட்ஹைம் சொல்லாமல் விட்ட மூன்று ஆண்டுகள்

1986 மார்ச் 3. வியன்னாவிலிருந்து வரும் 'புரோஃபில்' வார இதழில் ஹூபர்ட்டஸ் செர்னின் என்ற இளம் நிருபர் ஒரு ராணுவப் பதிவு அட்டையைப் பற்றி எழுதினார். அட்டைக்கு உரியவர் குர்ட் வால்ட்ஹைம். 1972 முதல் 1981 முடிய ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்து, அப்போது ஆஸ்திரியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றுகொண்டிருந்தவர். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் அடுத்த அடியை வைத்தது: காலில் காயம்பட்டு 1941 இறுதியிலேயே போர்முனையை விட்டு வந்ததாகச் சொல்லிவந்த அந்த மனிதர், 1942 முதல் போர் முடியும்வரை பால்கன் நாடுகளில் ஜெர்மன் ராணுவத்தில் அதிகாரியாகப் பணிபுரிந்திருக்கிறார்.

இந்த விவகாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறார்கள்: அவர் போர்க்குற்றவாளியா, இல்லையா? உண்மையில் இங்கே இருப்பவை இரண்டு கேள்விகள். போரில் என்ன செய்தார் என்பது ஒன்று. அதைப் பற்றி நாற்பது ஆண்டுகள் என்ன சொல்லிவந்தார் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நீதிமன்றத்தில் நிற்கும் அளவு சான்று வேண்டும். இரண்டாவதற்கு அவர் சொன்னவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, பக்கத்தில் ஆவணங்களை வைத்தாலே போதும். இரண்டையும் குழப்பினால் லாபம் அரசியல்வாதிக்குத்தான். "கொலைக்குச் சான்று எங்கே?" என்று கேட்டு, "ஏன் மறைத்தீர்கள்?" என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விடலாம். வால்ட்ஹைம் அப்படித்தான் தாண்டினார். 1986 ஜூன் 8 அன்று 53.9 சதவீத வாக்கு வாங்கி வெற்றியும் பெற்றார்.

இதை முறையாகச் சரிபார்ப்பது எப்படி, எந்த ஆவணம் எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது, எங்கே ஆய்வாளர்களே சறுக்கினார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வால்ட்ஹைம் வழக்கைவிட நல்ல பாடம் இந்தத் துறையில் இல்லை என்பது என் எண்ணம்.

முதலில் அவர் சொன்னவை

ஆவணக் காப்பகத்துக்கு ஓடுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. அந்த மனிதர் எந்தத் தேதியில், யாரிடம், எழுத்திலா வாய்ச்சொல்லிலா, என்ன சொன்னார் என்று வரிசைப்படுத்த வேண்டும். எழுத்தில் தந்ததற்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் யோசித்து எழுதப்பட்டது. நேர்காணலில் தடுமாறிச் சொன்னதை வைத்து மட்டும் யாரையும் பொய்யர் என்றுவிட முடியாது.

வால்ட்ஹைம் விஷயத்தில் எழுத்துச் சான்று தெளிவாக இருக்கிறது. 1980 இறுதியில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்டீபன் சோலார்ஸ் அவருடைய போர்க்காலத்தைப் பற்றிக் கடிதம் மூலம் விசாரித்தார். பொதுச்செயலாளர் பதவியில் இருந்தபடியே வால்ட்ஹைம் பதில் எழுதினார்: கிழக்கு முனையில் காயம்பட்டேன், முனைப்பணிக்குத் தகுதியில்லாமல் போனதால் வியன்னா பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பைத் தொடர்ந்து 1944-ல் பட்டம் பெற்றேன். 1985-ல் வந்த தன்வரலாற்றிலும் சாரம் இதுவே.

இந்தப் பதிலைக் கூர்ந்து படிக்க வேண்டும். காயம்பட்டது உண்மை: 1941 டிசம்பரில், ஓரெல் நகருக்கு அருகே. படித்ததும் உண்மை. 1944-ல் டாக்டர் பட்டம் வாங்கியதும் உண்மை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் சரி. காயத்துக்கும் பட்டத்துக்கும் நடுவே இருக்கும் ஆண்டுகளில் அவர் சீருடையில்தான் இருந்தார் என்பது மட்டும் இல்லை. வாசிப்பவரே இரண்டு உண்மைகளையும் சேர்த்து ஒரு பொய்யான முடிவுக்கு வருமாறு வாக்கியம் கட்டப்பட்டிருக்கிறது. முனைப்பணிக்குத் தகுதியில்லை என்பதற்கும் ராணுவப் பணிக்கே தகுதியில்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ராணுவம் அறிந்த எவரும் அறிவார்கள். தலைமையகத்து மேசைப் பணிக்குக் கால் ஊனம் தடையில்லை.

அரசியல்வாதிகளின் போர்க்கதைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று கூட்டிச் சொல்வது, மற்றது கழித்துச் சொல்வது. அமெரிக்க செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி முதல் வகை. 1942-ல் மரைன் படையில் சேர்ந்தபோது நேரடியாக லெப்டினன்ட் பதவியில் அமர்ந்தவர், சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்ததாகச் சொல்லிக்கொண்டார். பசிபிக்கில் குண்டுவீச்சு விமானப் படைப்பிரிவு ஒன்றின் உளவுத்தகவல் அதிகாரியாக இருந்தவர், தான் பறந்த போர்ப் பறப்புகளின் எண்ணிக்கையை ஆண்டுக்கு ஆண்டு ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் 32 என்றார். அந்தக் கணக்கின் பேரில் 1952-ல் பதக்கமும் வாங்கினார். போரில் பட்ட காயம் என்று அவர் சொன்ன கால்முறிவு, 1943 ஜூனில் கப்பல் பூமத்திய ரேகையைக் கடந்தபோது நடந்த கேளிக்கைச் சடங்கில் ஏற்பட்டது. கூட்டிச் சொல்பவரைப் பிடிக்க அவருடைய சொந்தக் கோப்பும், படைப்பிரிவின் பறப்புப் பதிவேடும், மருத்துவக் குறிப்பும் போதும்.

கழித்துச் சொல்பவரை அப்படிப் பிடிக்க முடியாது. இல்லை என்று சொல்லும் இடத்தில் அவர் இருந்ததை அடுத்தவர்களின் காகிதங்களில்தான் தேட வேண்டும்: மேலதிகாரியின் போர் நாட்குறிப்பு, பணிப் பங்கீட்டுப் பட்டியல், பதக்கப் பட்டியல், யாரோ எடுத்த புகைப்படம். வால்ட்ஹைமின் ஆண்டுகள் இப்படித்தான் ஒவ்வொன்றாக மீண்டன.

நாள்வாரி அட்டவணை

ஆவணங்களிலிருந்து கட்டியெழுப்பிய வரிசை சுருக்கமாக இது. 1942 மார்ச்சில் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டு பால்கனுக்குப் போகிறார். அந்த வசந்தத்தில் மாண்டினீக்ரோவின் ப்லெவ்லியா ஊரில் இருந்த இத்தாலியப் புஸ்தேரியா மலைப்படையோடு தொடர்பு அதிகாரி. அவருக்கு இத்தாலி மொழி நன்றாகத் தெரியும். கோடையில் மேற்கு போஸ்னியாவில், ஸ்டால் என்ற ஜெர்மன் ஜெனரல் நடத்திய போர்க்குழுவில், வழங்கல் பிரிவில். 1942 நவம்பர் நடுவிலிருந்து 1943 மார்ச் இறுதிவரை படிப்பு விடுப்பு. பிறகு அல்பேனியா, மாண்டினீக்ரோ பகுதியில் இத்தாலியப் படையோடு தொடர்புப் பணி. 1943 ஜூலையில் ஏதென்ஸ். அக்டோபரிலிருந்து கிரீஸின் தெசலோனிகி நகருக்கு மேலே குன்றில் இருந்த அர்சக்லி. இன்று அந்த ஊருக்குப் பெயர் பனோரமா. ராணுவக் குழு-ஈ என்ற பெரும்படையின் தலைமையகம் அங்கே இருந்தது. அதன் தளபதி அலெக்சாண்டர் லோர் 1947-ல் பெல்கிரேடில் மரண தண்டனைக்கு உள்ளானவர்.

இந்த அட்டவணையைக் கட்டும்போது நாலைந்து இடங்களில் கால் வழுக்கும்.

நியமன உத்தரவின் தேதியும் போய்ச் சேர்ந்த தேதியும் ஒன்றல்ல. போர்க்காலத்தில் இடையே வாரக்கணக்கு ஆகலாம். உத்தரவை மட்டும் வைத்து ஒருவரை ஓர் ஊரில் நிறுத்தக் கூடாது. அங்கே அவர் கையெழுத்திட்ட காகிதம், சம்பளப் பதிவு, சக அதிகாரியின் நாட்குறிப்பு ஏதாவது வேண்டும். அதேபோல் படைப்பிரிவு ஓரிடத்தில் இருந்தது என்பதால் ஆளும் அங்கேதான் இருந்தார் என்று ஆகாது. விடுப்பு, மருத்துவமனை, வேறு பிரிவுக்குத் தற்காலிக மாற்றம் என்று மூன்று ஓட்டைகள் உண்டு. வால்ட்ஹைம் வழக்கில் இந்த மூன்றுமே வருகின்றன.

தெசலோனிகி யூதர்கள் விஷயத்தில் இது நேரடியாகப் பொருந்துகிறது. 1943 மார்ச் 15 முதல் ஆகஸ்ட் வரை அந்த நகரத்திலிருந்து சுமார் 45,000 யூதர்களை ரயில்களில் ஏற்றி ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்கு அனுப்பினார்கள். 1986-ல் சிலர் அவசரப்பட்டு, அந்த ரயில்கள் கிளம்பியபோது வால்ட்ஹைம் அங்கே இருந்ததாக எழுதினார்கள். அட்டவணை அப்படிச் சொல்லவில்லை. ரயில்கள் தொடங்கியபோது அவர் விடுப்பில்; பிறகு மாண்டினீக்ரோ, ஏதென்ஸ். இதை நேர்மையாக ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவர் சொன்னது அது அல்ல. இப்படியொரு வெளியேற்றம் நடந்ததே தனக்குத் தெரியாது என்றார், பத்திரிகையாளர்கள் கேட்ட பிறகுதான் கேள்விப்பட்டதாகச் சொன்னார். ஐந்தில் ஒரு பங்கு மக்கள் காணாமல் போன நகரத்துக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், உளவுத்தகவல் பிரிவில், பணி புரிந்த ஓர் அதிகாரி இதைச் சொல்கிறார். 1944 கோடையில் கோர்ஃபு, ரோட்ஸ் தீவுகளின் யூதர்களும் அனுப்பப்பட்டார்கள். கோர்ஃபு பற்றிய கடிதப் போக்குவரத்தில் அதே தலைமையகத்தின் உளவுத்தகவல் பிரிவும் உண்டு. "நான் அங்கே இல்லை" என்பது பாதி உண்மை. "எனக்குத் தெரியாது" என்பதைப் பெரும்பாலான ராணுவ வரலாற்றாசிரியர்கள் ஏற்கவில்லை.

அடுத்த வழுக்கல் இன்னும் நுட்பமானது: உண்மையான நிகழ்ச்சியைத் தவறான மாதத்துக்கு நகர்த்துவது. 1942 ஜூன், ஜூலையில் மேற்கு போஸ்னியாவின் கோசாரா மலைப்பகுதியில் ஜெர்மன் படையும் குரோவேஷியாவின் பாசிச உஸ்தாஷா படையும் சேர்ந்து பெரும் தேடுதல் வேட்டை நடத்தின. பல பத்தாயிரம் பொதுமக்கள், குழந்தைகள் உட்பட, பிடிக்கப்பட்டு முகாம்களுக்குப் போனார்கள். அப்போது எங்கே இருந்தீர்கள் என்ற கேள்விக்கு வால்ட்ஹைம் சொன்ன பதில், தொலைவில் ப்லெவ்லியாவில், புஸ்தேரியா படையோடு. புஸ்தேரியா படையோடு இருந்தது உண்மைதான், ஆனால் வசந்தத்தில். வேட்டை நடந்த கோடையில் அவரை மேற்கு போஸ்னியப் போர்க்குழுவின் வழங்கல் பிரிவில் வைக்கின்றன ஆவணங்களும் சக அதிகாரியின் சாட்சியமும். குரோவேஷிய அரசு அந்த ஆண்டு ஸ்வோனிமிர் பதக்கம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். பதக்கம் எல்லாத் தலைமையக அதிகாரிகளுக்கும் பொத்தாம்பொதுவாகக் கொடுக்கப்பட்டது என்று அவர் தரப்பு சொன்னது. அது இருக்கலாம், பதக்கம் தனியாகக் குற்றத்தை நிரூபிக்காது. எந்தக் குழுவில் இருந்தார் என்பதற்கு அது ஓர் ஆதாரம், அவ்வளவுதான்.

நாற்பது வருடத்துக்கு முந்தைய மாதங்களை மனித மூளை குழப்பிக்கொள்ளும். இதை எப்போதும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் மறதிக்கு ஓர் இயல்பு உண்டு: அது இரண்டு பக்கமும் தவறும். சில சமயம் தனக்குச் சாதகமாக, சில சமயம் பாதகமாக. ஒருவருடைய பிழைகளெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால், அதை மறதி என்று சொல்வது கடினம்.

ஒரு கையெழுத்து எதைச் சொல்லும்

இந்த வழக்கில் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்பட்டவை அர்சக்லி காகிதங்கள். அவற்றைப் படிக்க ஜெர்மன் தலைமையகம் எப்படி இயங்கியது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தலைமையகத்தில் 1-ஏ என்பது போர் நடவடிக்கைப் பிரிவு, 1-பி வழங்கல், 1-சி எதிரியைப் பற்றிய உளவுத்தகவல். ஒவ்வொரு பிரிவின் தலைவருக்கும் கீழே ஓர் உதவி அதிகாரி உண்டு: ஓ-1, ஓ-2, ஓ-3 என்று வரிசை. வால்ட்ஹைம் அர்சக்லியில் ஓ-3, அதாவது 1-சி பிரிவுத் தலைவரின் உதவியாளர். பதவி லெப்டினன்ட்தான். ஆனால் மேசையின் இடம் முக்கியம். கீழ்ப்படைகளிலிருந்து வரும் காலை அறிக்கை, மாலை அறிக்கை எல்லாம் அந்த மேசைக்கு வரும். அவற்றைத் தொகுத்து எதிரி நிலவரத்தை மேலே தெரிவிப்பது அங்கே நடக்கும் வேலை. 1943 டிசம்பர் பணிப் பங்கீட்டுப் பட்டியல் ஓ-3-இன் வேலைகளை வரிசையாகச் சொல்கிறது; கைதிகள் விசாரணையும் அதில் ஒன்று.

பல காகிதங்களின் அடியில் வால்ட்ஹைமின் கையெழுத்தோ, பெயரின் முதலெழுத்தோ இருக்கிறது. அதைப் பார்த்தவுடன் "உத்தரவிட்டவர் இவர்" என்று தலைப்பு போட்டவர்கள் உண்டு. பெரும்பாலான இடங்களில் கையெழுத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு சுருக்கக் குறி இருக்கும். "நகல் சரியானது" என்று சான்று சொல்லும் குறி அது. மூலத்தில் மேலதிகாரி கையெழுத்திட்டிருப்பார். படியெடுத்த காகிதம் மூலத்தோடு ஒத்துப்போகிறது என்று உதவி அதிகாரி உறுதி செய்வார். ஆக, அந்தக் கையெழுத்து உத்தரவு அதிகாரத்தைக் காட்டாது. அதைப் பிடித்துக்கொண்டு ஆதரவாளர்கள், "பார்த்தீர்களா, வெறும் எழுத்தர்" என்றார்கள்.

இரண்டு தரப்பும் பார்க்காமல் விட்டது மூன்றாவது விஷயம். மூலத்தையும் நகலையும் ஒப்பிட்டுச் சரி என்று கையெழுத்திட்டவர் இரண்டையும் படித்திருக்கிறார். உத்தரவிடும் அதிகாரத்துக்கு அந்தக் குறி சான்றாகாது. அறிந்திருந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. வால்ட்ஹைம் மறுத்துவந்ததும் அதைத்தானே.

இன்னொரு காகிதம், என் பார்வையில் முழு வழக்கிலும் மிக முக்கியமானது, 1944 மே 25 தேதியிட்டது. அவர் கையிலிருந்து வந்த அறிக்கை. நாசவேலைக்கும் பதுங்கித் தாக்குதலுக்கும் பதிலாக எடுக்கப்பட்ட பழிவாங்கல் நடவடிக்கைகள் கடுமையாக இருந்தும் பலன் தரவில்லை. நிலைமையைச் சரியாக ஆராயாமல் செய்த மிகையான பழிவாங்கல் மக்களைக் கசப்படைய வைத்து எதிரிக் குழுக்களுக்கே உதவியது என்கிறது அது. ஆதரவாளர்கள் இதை அவருடைய மனச்சாட்சிக்கு ஆதாரமாகக் காட்டினார்கள். அந்தப் பெருமையை மறுக்க வேண்டியதில்லை. ஒரு லெப்டினன்ட் 1944-ல் இப்படி எழுதுவதற்குத் துணிவு வேண்டும். ஆனால் பழிவாங்கல்கள் கடுமையானவை, மிகையானவை, பலனற்றவை என்று எழுத வேண்டுமானால் அவற்றைப் பற்றி விவரமாகத் தெரிந்திருக்க வேண்டும். கிராமங்கள் எரிக்கப்பட்டதும் பிணையாளர்கள் சுடப்பட்டதும் தெரியாத ஒருவரால் இந்த வரியை எழுதவே முடியாது. 1986 மார்ச்சில் கொடுமைகள் பற்றி எதுவும் தெரியாது என்றவர், 1944 மேயில் அவற்றை மதிப்பீடு செய்து எழுதியிருக்கிறார்.

அந்த அறிக்கைகளைப் படிக்கிறவர்கள் கவனிக்கவேண்டிய எண் ஒன்று உண்டு. "கொல்லப்பட்ட கொள்ளையர்" (எதிர்ப்புப் போராளிகளை ஜெர்மன் ராணுவம் அப்படித்தான் அழைத்தது) எத்தனை, "கைப்பற்றிய துப்பாக்கி" எத்தனை என்று இரண்டு எண்களும் அடுத்தடுத்து வரும். கொல்லப்பட்டவர் எண்ணிக்கை பெரிதாகவும் ஆயுத எண்ணிக்கை மிகச் சிறிதாகவும் இருந்தால், இறந்தவர்களில் பலர் ஆயுதமில்லாத கிராமத்து மக்கள் என்றுதான் கொள்ள வேண்டும். இது பால்கன், கிழக்கு முனை ஆய்வாளர்கள் எல்லோரும் கையாளும் வழி. தினமும் இந்த இரண்டு எண்களையும் கூட்டித் தொகுத்த மேசைக்கு அதன் பொருள் புரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

புகைப்படமும் போலித் தந்தியும்

1986-ல் உலகம் முழுக்கப் பரவிய படம் 1943 மே 22 அன்று மாண்டினீக்ரோவின் போட்கோரிட்சா விமானத் தளத்தில் எடுத்தது. இத்தாலிய ஜெனரல் ரொன்காக்லியா, நாஜிக் கட்சியின் ஆயுதப்படையான எஸ்.எஸ்.-இன் ஜெனரல் ஆர்ட்டூர் ஃப்லெப்ஸ், நடுவே உயரமான இளைஞராக வால்ட்ஹைம். ஃப்லெப்ஸ் நடத்திய 'பிரின்ஸ் ஓய்கன்' பிரிவு அந்தப் பகுதியில் செய்தவை கொடூரமானவை. படம் நிரூபிப்பது என்ன? அன்று, அந்த இடத்தில், அந்த மனிதர்களோடு அவர் இருந்தார் என்பது. மொழிபெயர்ப்பாளராகத்தான் இருந்தேன் என்ற அவருடைய விளக்கத்தை அந்தப் படம் பொய்யாக்கவில்லை. 1980-ல் எழுதிய கடிதத்தை அது தரைமட்டமாக்கியது. படத்தின் வலிமை அங்கே இருக்கிறது; அதற்கு மேல் படத்தை இழுத்தவர்கள் தங்கள் தரப்பையே பலவீனப்படுத்தினார்கள்.

வால்ட்ஹைம் மீது போர்க்குற்றம் சாட்டி யூகோஸ்லாவியா தயாரித்த கோப்பும் அப்படிப்பட்டதே. ஐ.நா. போர்க்குற்ற ஆணையத்தின் 1948 பட்டியலில் வால்ட்ஹைமின் பெயர் முதல் வகையில் இருந்தது. அந்தக் கோப்பு நியூயார்க்கில் ஐ.நா. காப்பகத்தில் கிடந்தது, அவரோ அதே அமைப்பின் தலைவராகப் பத்து ஆண்டுகள் இருந்தார். இதைக் கேட்கும்போது யாருக்கும் ரத்தம் கொதிக்கும். ஆனாலும் கோப்பை நிதானமாகப் படிக்க வேண்டும். 1947-ல் அதைத் தயாரித்தபோது வால்ட்ஹைம் ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் கார்ல் குரூபரின் செயலாளர். ஆஸ்திரியாவின் கரிந்தியா பகுதியில் யூகோஸ்லாவியா உரிமை கோரிக்கொண்டிருந்த காலம். குற்றச்சாட்டின் ஒரு பகுதி, கைதியாக இருந்த ஜெர்மானியர்களின் சாட்சியத்தை நம்பி நிற்கிறது. கைதியின் சாட்சியத்துக்கு விலை உண்டு, அந்த விலை என்ன என்று விசாரிக்காமல் ஏற்க முடியாது. கோப்பு இருந்தது என்பது உண்மை. அதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்பது வேறு விஷயம்.

இவை எல்லாவற்றையும்விட மோசமான சறுக்கல் 1988 பிப்ரவரி தொடக்கத்தில் நடந்தது. ஜெர்மனியின் 'டேர் ஷ்பீகல்' இதழ் 1942 ஜூலை தேதியிட்ட ஒரு தந்தியை வெளியிட்டது. கோசாராவில் பிடிபட்ட ஆயிரக்கணக்கான பொதுமக்களை முகாம்களுக்கு அனுப்ப வால்ட்ஹைம் கேட்டார் என்று அதில் இருந்தது. எல்லோரும் தேடிக்கொண்டிருந்த ஆவணம், எல்லோரும் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் கிடைத்தது. ஆராய்ந்தபோது, போர் முடிந்த பிறகு தட்டச்சு செய்த போலி என்று தெரிந்தது. எதிர்பார்த்த வாசகம் எதிர்பார்த்த வாரத்தில் கிடைத்தால்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். மூலக் காகிதம் எங்கே, நகல் மட்டும்தானா, எந்தக் காப்பகப் பெட்டியில் எந்த எண்ணில் இருந்தது, பெறுநரின் பதிவேட்டில் அதே தந்தி வந்ததாகக் குறிப்பு இருக்கிறதா என்று நான்கு கேள்வி கேட்டிருந்தால் வெளியீட்டுக்கு முன்பே நின்றிருக்கும். அந்தப் போலியின் கேடு பெரியது. அதைக் காட்டி உண்மையான ஆவணங்களையும் சதி என்று தள்ளிவிட ஒரு கூட்டத்துக்கு வழி கிடைத்தது.

நினைவு எப்போது திரும்பியது

பதில்களைத் தேதிவாரியாக அடுக்கச் சொன்னதன் பலன் இங்கே தெரியும். பக்கத்தில் இன்னொரு வரிசையாக, எந்தத் தேதியில் எந்த ஆவணம் வெளிவந்தது என்று எழுதிப் பாருங்கள்.

மார்ச் 3-க்கு முன்பு: பால்கன் என்ற பேச்சே இல்லை. ராணுவக் குழு-ஈ பற்றிய செய்தி வந்த பிறகு: ஆம், இருந்தேன், மொழிபெயர்ப்பாளராக. உளவுத்தகவல் பிரிவின் பணிப் பட்டியல் வந்த பிறகு: ஆம், அந்தப் பிரிவில்தான், ஆனால் சின்ன அதிகாரி. பழிவாங்கல் அறிக்கைகள் வந்த பிறகு: பழிவாங்கல்கள் நடந்தது தெரியும், என்னால் என்ன செய்திருக்க முடியும்? நாஜி அமைப்புகள் விஷயத்திலும் இதே நடை. பதிவு அட்டையில் 1938 ஏப்ரல் 1 தேதியிட்டு நாஜி மாணவர் சங்கமும், அதே ஆண்டு நவம்பரிலிருந்து நாஜிக் கட்சியின் துணைப்படையான எஸ்.ஏ.-வின் குதிரைப் படைப்பிரிவும் இருந்தன. முதலில் எதிலும் உறுப்பினன் அல்ல என்றார்; பிறகு குதிரையேற்றப் பயிற்சிக்குப் போனது உண்டு என்றானது. ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியது 1938 மார்ச் நடுவில் என்பதை நினைவில் வைத்தால், ஏப்ரல் 1 எவ்வளவு சீக்கிரம் என்று புரியும்.

ஒவ்வொரு தடவையும் ஆவணம் எதுவரை வந்ததோ அதுவரைதான் நினைவு வந்தது. அதைத் தாண்டி ஒரு தகவலைக்கூட அவர் தாமாகத் தரவில்லை. நேர்மையாக மறந்தவருக்கு ஒரு பழைய காகிதத்தைக் காட்டினால், காகிதத்தில் இல்லாத நான்கு விஷயங்களும் கூடவே நினைவுக்கு வரும்: கூட இருந்தவர் பெயர், மேசை இருந்த அறை, அன்று பெய்த மழை. இங்கே அது நடக்கவில்லை. சரிபார்ப்பு வேலை செய்கிறவர்கள் இந்தச் சோதனையை வேறு வழக்குகளிலும் செய்து பார்க்கலாம். ஒப்புதல் எப்போதும் வெளியான ஆவணத்தின் எல்லையிலேயே நின்றால், அந்த மனிதர் தன் நினைவைத் தேடவில்லை, எதிராளியின் கையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்.

எனக்கு இதில் கோபம் வருவது வால்ட்ஹைம் மீது மட்டும் அல்ல. "என் கடமையைத்தான் செய்தேன், லட்சக்கணக்கான ஆஸ்திரியர்களைப் போல" என்ற பொருளில் அவர் பேசியபோது கைதட்டியவர்கள், அந்த ராணுவத்தின் கடமை என்று எது இருந்தது என்று ஒரு கணம் கேட்டிருக்க வேண்டும். ஹிட்லரின் முதல் பலி நாங்கள்தான் என்று சொல்லியே நாற்பது ஆண்டுகள் ஓட்டிய நாட்டுக்கு அவருடைய வாழ்க்கைக் குறிப்பு வசதியாக இருந்தது. 1991 ஜூலையில்தான் பிரதமர் ஃபிரான்ஸ் வ்ரானிட்ஸ்கி நாடாளுமன்றத்தில் ஆஸ்திரியர்களின் பங்கை ஒப்புக்கொண்டு பேசினார். வால்ட்ஹைம் விவகாரம் இல்லாமல் அந்தப் பேச்சு வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஆணைக்குழு சொன்னது

வால்ட்ஹைமின் கோரிக்கையின் பேரில் ஆஸ்திரிய அரசு பல நாட்டு ராணுவ வரலாற்றாசிரியர்களைக் கொண்ட ஆணைக்குழுவை அமைத்தது. தலைவர் சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் ருடால்ஃப் குர்ஸ். 1988 பிப்ரவரி 8 அன்று அறிக்கை வந்தது. போர்க்குற்றச் செயலில் அவர் நேரடியாக ஈடுபட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது குழு. நடந்தவற்றைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அவை நடந்த இடங்களுக்கு அருகிலேயே இருந்தார், தன் போர்க்காலத்தைப் பற்றி அவர் தந்த விவரங்கள் பல இடங்களில் ஆய்வின் முடிவுகளோடு பொருந்தவில்லை என்றும் சொன்னது. அமெரிக்க நீதித் துறை இதற்கு முன்பே, 1987 ஏப்ரலில், தன் சொந்த விசாரணைக்குப் பிறகு அவரை நாட்டுக்குள் வர அனுமதியாதோர் பட்டியலில் சேர்த்திருந்தது. பதவியில் இருந்த நட்பு நாட்டுத் தலைவர் ஒருவருக்கு அப்படி நேர்ந்தது பெரிய செய்தி. 2007 ஜூனில் இறக்கும்வரை அந்தத் தடை நீங்கவில்லை.

ஆணைக்குழுவின் முடிவை மேற்கோள் காட்டுகிறவர்கள் முதல் பாதியையோ இரண்டாம் பாதியையோ மட்டும் எடுப்பதைப் பார்க்கலாம். இரண்டும் ஒரே அறிக்கையில், ஒரே ஆவணக் குவியலிலிருந்து வந்தவை.

இன்று இந்தக் காகிதங்களை நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழி திறந்தே இருக்கிறது. கைப்பற்றிய ஜெர்மன் ராணுவக் குழு ஆவணங்களின் நுண்படச் சுருள்கள் அமெரிக்கத் தேசியக் காப்பகத்தில் டி-311 என்ற வரிசையில் உள்ளன. மூலங்கள் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் ராணுவக் காப்பகத்தில். தனிநபர் பதிவு அட்டைகளுக்கு வியன்னாவின் அரசு ஆவணக் காப்பகம். ஐ.நா. போர்க்குற்ற ஆணையக் கோப்புகளை 1986-ல் அரசுகள் மட்டுமே கேட்டுப் பார்க்க முடியும். இப்போது வாஷிங்டனின் யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகத்திலும் லண்டனின் வீனர் நூலகத்திலும் பொதுமக்களே பார்க்கலாம். போர் நாட்குறிப்பின் முதன்மைப் பகுதியோடு நிறுத்திவிடாதீர்கள். அது மேலிடத்துக்காக எழுதிய சுருக்கம். பின்னிணைப்புகளாகக் கட்டப்பட்டிருக்கும் காலை, மாலை அறிக்கைகளில்தான் பெயர்களும் முதலெழுத்துகளும் ஓரக்குறிப்புகளும் இருக்கின்றன. வேறு நாட்டுப் போர்களிலும் இதே வழிதான். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் காப்பகத் தீயில் 1.6 கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர் கோப்புகள் எரிந்தபோதும், படைப்பிரிவுகளின் காலைக் கணக்கேடுகள் தப்பின. தனிக்கோப்பு எரிந்துவிட்டது என்று சொல்லும் ஒருவரின் நாட்களை அவற்றிலிருந்து இன்றும் கட்டியெழுப்ப முடிகிறது.